திரையின் மேல் கிடந்த துண்டு

மாத்திரை வாங்க நான் போகும் கிளினிக்கில் வரிசை எண் கொடுக்கும் இயந்திரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒரு காவலாளி உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு எந்தப் பொத்தானை அமுக்குவது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இயந்திரத்தை வடிவமைத்தவர் பெயர் எங்கும் இல்லை. நாற்காலியை அங்கே கொண்டுவந்து போட்டவர் பெயரும் இல்லை. இருவரில் எனக்கு இரண்டாமவர் மேல்தான் மரியாதை. போன மாதம் காவலாளி எங்கோ போயிருந்தார். நான் எண் எடுக்காமல், வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற ஒரு பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆன்ட்டி, நம்பர் எடுக்கத் தெரியலயா? நான் அமுக்கித் தரட்டா?"

தரச் சொன்னேன். தவறான பொத்தானை அமுக்கினாள். இருவரும் ரொம்ப நேரம் தவறான வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

இப்படி நின்று பார்ப்பதுதான் என் தொழிலாக இருந்தது. ஓய்வு பெறும்போது என் அட்டையில் யூஎக்ஸ் டிசைனர் என்று போட்டிருந்தது. ஒரு இயந்திரத்தையோ மென்பொருளையோ மனிதர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து, அதற்கேற்ப அதன் திரையையும் பொத்தான்களையும் அமைக்கிற வேலை. என் தம்பி இன்றைக்கும் நான் கம்ப்யூட்டரில் படம் வரைந்து பிழைத்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். திருத்தவில்லை.

இப்போது திரைகளை இயந்திரமே வரைந்து தருகிறது. என்ன வேண்டும் என்று சொன்னால் போதும், பசியாறிவிட்டு வருவதற்குள் பத்து மாதிரிகள் நிற்கும். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, வரைவது எப்போதுமே வேலையின் சின்னப் பகுதிதான். நீலாய் நகரில் நான் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தார், தங்கள் இணையத்தளத்துக்காக, சிக்கலான கருவிகளை நான் எப்படி அணுகினேன் என்று சுருக்கமாக எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். கதை மாதிரி இருக்கிறது, படிநிலைகளாகப் பிரித்துத் தர முடியுமா என்று திருப்பி அனுப்பினார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர்கள் திருப்பி அனுப்பியதைத்தான் கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது சிரம்பான் நகருக்கு வெளியே ஒரு தோட்டத்தில். படித்தது தொழில்நுட்ப வரைகலை. முதல் வேலை, தொழிற்சாலைகளுக்கு இரும்புப் பலகைகள் வரைவது. எந்த விளக்கு எங்கே, எந்த விசை எங்கே என்று அளவு போட்டுக் கொடுப்போம், பட்டறையில் துளை போடுவார்கள். தவறாக வரைந்தால் பலகையே வீண், திட்டும் கிடைக்கும். சில ஆண்டுகளில் பலகைகள் போய்க் கணினித் திரைகள் வந்தன. பலகை வரைந்தவர்களில் பலர் வேறு வேலைக்குப் போனார்கள். எனக்குத் துளை போடத் தேவையில்லாத பலகை என்றுதான் திரை தோன்றியது, அதனால் தங்கிவிட்டேன். அப்போதுதான் மைமூனா மேடத்திடம் வந்து சேர்ந்தேன்.

மைமூனா பேகம், சிரம்பானில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். சின்ன வயதிலிருந்து கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றவர். பிறகு வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, ஒரு கடைவீட்டின் மாடியில் சொந்தமாக நிறுவனம் தொடங்கினார். படித்த படிப்பைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. கடையைப் பற்றி ஓயாமல் பேசுவார். "எங்க வாப்பா கடையில எவனும் மெனு படிச்சதில்லம்மா. வருவான், கறி இருக்கிற பக்கம் பாப்பான். கண்ணு எங்க போவுதோ அங்க கரண்டி போவும்" என்பார்.

அவர் திட்டமாட்டார். கீழே இருந்த கடையிலிருந்து தேநீர் வரவழைப்பார், அதிலேயே எல்லாம் தெரிந்துவிடும். வேலை பிடித்திருந்தால் பால் ஊற்றிய தே தாரிக். பிடிக்கவில்லை என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங். என் முதல் ஆண்டு முழுக்க நான் சர்க்கரை இல்லாமல்தான் குடித்தேன். இன்றைக்குச் சர்க்கரை நோய் இல்லாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அவருடைய முறைகளைச் சொல்ல வேண்டும். வேலை நடக்கும் இடத்துக்குப் போனால் எங்களுக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் அரட்டை வரும் என்பார். ஆளின் கையும் முகமும் ஒருசேரத் தெரிகிற இடத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவர் தடுமாறினால் உதவக் கூடாது. "ஏன் இப்படிச் செய்றீங்க" என்று கேட்கவே கூடாது. ஏன் என்று கேட்டால் மனிதர்கள் நல்ல காரணம் ஒன்றைத் தயார் செய்துவிடுவார்கள் என்பது அவர் எண்ணம். "அப்புறம் என்னா செய்வீங்க" என்று மட்டும் கேட்கலாம்.

திரும்பி வந்ததும், கண்ட செயல்களை ஒவ்வொரு சீட்டில் ஒவ்வொன்றாக எழுத வேண்டும். "குழம்பினார்", "சலித்துக்கொண்டார்" என்றெல்லாம் எழுதினால் கிழித்துவிடுவார். "மூன்றாவது பொத்தானுக்குப் போன கையை இழுத்துக்கொண்டார்" என்று எழுதினால் வைத்துக்கொள்வார். பிறகு எல்லாச் சீட்டுகளையும் தரையில் பரப்பி, எதற்குப் பின் எது என்று அடுக்குவோம். எந்த வரிசையிலும் சேராத சீட்டு ஒன்றிரண்டு மிஞ்சும். அவற்றை எறிய விடமாட்டார். தேநீர்க் கோப்பையின் தட்டை அதன் மேல் கவிழ்த்து வைத்து, "இதுக்கு இன்னும் எடம் கெடைக்கல, இருக்கட்டும்" என்பார். தட்டுக்கு அடியில் சீட்டு இருக்கும்வரை திரை வரைய ஆரம்பிக்க விடமாட்டார். வாடிக்கையாளர் தொலைபேசியில் கத்துவார். மேடம் ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்று. இயந்திரத்தோடு ஆட்கள் தாங்களாகச் சேர்த்தது எதுவோ அதை முதலில் பார் என்பார். ஒரு நீர் இறைக்கும் நிலையத்தில், அங்கே வேலை செய்த ஒரு அக்கா திரைக் கண்ணாடியில் ஒட்டுப்பொட்டு ஒன்று ஒட்டியிருந்தார். தொட்டியில் தண்ணீர் அந்தப் பொட்டைத் தொட்டால் பம்பை நிறுத்த வேண்டும். துப்புரவு செய்ய வருகிறவர் தினமும் அதைத் துடைத்துவிடுவார், அக்கா தினமும் தன் நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டுவார். நாங்கள் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தோம். மேடம் மிகவும் பெருமைப்பட்ட வேலைகளில் அதுவும் ஒன்று. எனக்கு அன்றைக்குத்தான் முதல் தே தாரிக் கிடைத்தது.

இனி, தம்பின் என்ற ஊர்ப் பக்கம் இருந்த ஒரு ஆலையைப் பற்றி.

அது ஒரு தோட்டத்துக்குள் இருந்த செம்பனை எண்ணெய் ஆலை. செம்பனைக் குலைகளைத் தொட்டிகளில் ஏற்றி, தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போய், நீளமான இரும்பு உருளைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். உள்ளே நீராவி விட்டுக் குலைகளை வேகவைப்பார்கள். வெந்ததும் நீராவியை வெளியேற்றிவிட்டுக் கதவைத் திறந்து தொட்டிகளை இழுப்பார்கள். அப்படி மூன்று உருளைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. உள்ளே கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கும்போது கதவைத் தளர்த்தினாலும் ஆள் பிழைப்பது கஷ்டம். கதவருகே ஆள் நிற்கும்போது தெரியாமல் நீராவியைத் திறந்துவிட்டாலும் அப்படித்தான்.

முன்பு ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சக்கரம் இருந்ததாம். அதைக் கையால் திருகித்தான் நீராவி விடுவார்கள். நாங்கள் போவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அதையெல்லாம் கணினிக்கு மாற்றியிருந்தது. குளிரூட்டிய அறையில் ஒரு பெரிய திரை. மூன்று உருளைகளும் அதில் இடமிருந்து வலமாகப் படமாக இருந்தன. வலது மேல் மூலையில் எச்சரிக்கைகள் வரும். அதோடு ஒரு கீச்சுச் சத்தமும் கேட்கும். எல்லா எச்சரிக்கைக்கும் ஒரே சத்தம்தான், நாள் முழுக்கக் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். ஆட்கள் எச்சரிக்கைகளைக் கவனிப்பதில்லை, திரையை மாற்றித் தாருங்கள் என்று ஆலை நிர்வாகம் எங்களை அழைத்தது.

திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் தனபாலன். மெலிந்த மனிதர், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார். உருளைக் கதவுகளைப் பார்த்துக்கொண்டவர் சவரிமுத்து. அவர் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்வார். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள் என்று தெரிந்ததும் எங்கள் சிரம்பான் கோயில் பாடகர் குழுவின் குறைகளை எனக்கு விளக்கினார். இருவரும் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள், குடியிருந்ததும் ஆலைக்குச் சொந்தமான அடுத்தடுத்த வீடுகளில்.

முதல் சில முறை போனபோது எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதாவது எங்களுக்காக ஒழுங்காக நடத்தினார்கள். பிறகு நாங்கள் நிற்பதை மறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பார்த்ததுதான் கணக்கு. அப்படி ஒரு நாள், சவரிமுத்து வெளியே கிளம்பும்போது தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரையின் மேல் போட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்ததும் எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தோளில் போட்டுக்கொண்டார். "துண்டைத் திரையின் மேல் போட்டார்" என்று ஒரு சீட்டு எழுதினேன். தரையில் அடுக்கியபோது அது எங்கேயும் சேரவில்லை. வியர்வைத் துண்டுதானே, வைக்க இடம் இல்லாமல் போட்டிருப்பார் என்றார் கூட இருந்த ஒருவர். மேடம் அதன் மேல் தட்டைக் கவிழ்த்து வைத்தார்.

அந்தத் தட்டு அப்படியே இருக்கும்போதுதான் விபத்து நடந்தது.

மூன்றாவது உருளையின் நீராவி வெளியேறும் குழாய் பாதியில் சிக்கிக்கொண்டது. உள்ளே அழுத்தம் நின்றது. கதவைத் திறக்கும் முன் சவரிமுத்து வழக்கம்போல் கதவில் இருக்கும் சின்ன ஆணித் திறப்பைத் திருகிப் பார்த்திருக்கிறார். அழுத்தம் இருந்தால் அதில் சீறும். அன்றைக்கு அது செம்பனை நாரால் அடைத்திருந்ததால் சீறவில்லை. கதவைத் தளர்த்தினார். பக்கவாட்டில் நின்று தளர்த்தும் பழக்கம் உள்ளவர் என்பதால் உயிர் தப்பியது. வலது கையும் கழுத்தும் வெந்துவிட்டன.

எச்சரிக்கை திரையில் வந்திருந்தது. கதவு தளர்வதற்கு முன்பே வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டதாக யாரும் பொத்தானை அமுக்கியதற்குக் கணினியில் பதிவில்லை. சத்தம் கேட்டு மற்றவர்கள் ஓடியபோது தனபாலன் அறையில் இல்லை, வெளியே படியில் நின்றுகொண்டிருந்தார். எச்சரிக்கை அடிக்கும்போது இடத்தை விட்டுப் போனவர் என்று அவரைத் தற்காலிகமாக நீக்கினார்கள். ஏன் வெளியே போனாய் என்று கேட்டதற்கு, "போனேன் சார், தப்புதான்" என்பதைத் தவிர அவர் எதுவும் சொல்லவில்லை. வேலை போனால் வீடும் போகும். பிள்ளைகள் தோட்டத்துப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் சிவநாதன் எங்களை அழைத்தார். கெட்டவர் அல்ல, தலைமையகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அவருக்கு எங்களிடமிருந்து ஒரு விஷயம்தான் வேண்டும்: எச்சரிக்கையைத் திரை சரியாகக் காட்டியதா, இல்லையா. நாங்கள் சோதித்துப் பார்த்தோம். சரியாகத்தான் காட்டியது. ஆமாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் விசாரணை முடிந்துவிடும்.

"ஆமான்னு எழுதுனா பொய் இல்ல" என்றார் மேடம் காரில். "ஆனா அந்த மனுசன் வீட்டக் காலி பண்ணணும்."

"தனபாலன் வாயத் தொறக்க மாட்டேங்கிறாரே மேடம்."

"உன் சீட்டு இன்னும் தட்டுக்கு அடியிலதான்மா கெடக்கு. வா, சவரியப் பாப்போம்."

சவரிமுத்து மருத்துவமனைக் கட்டிலில் கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு கிடந்தார். பேச்சு மட்டும் வெந்திருக்கவில்லை. மாதா காப்பாற்றியதையும், அங்கே கொடுக்கும் கஞ்சியின் தரத்தையும் சொல்லி முடித்தார். மேடம் கட்டிலுக்கு அருகே நின்றபடியே கேட்டார்.

"கதவுக்குப் போறதுக்கு முன்னால துண்டத் தெரைமேல போடுவீங்களே. அப்புறம் என்னா செய்வீங்க?"

அவர் மேடத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தனபாலன் சொன்னானா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. இவ பாத்தா" என்று என்னைக் காட்டினார் மேடம்.

பிறகு சொன்னார். சக்கரங்கள் இருந்த காலத்தில், கதவுக்குப் போகிறவன் தன் துண்டை அந்த உருளையின் சக்கரத்தில் கட்டிவிட்டுப் போவான். ஆள் உள்ளே இருக்கிறான், நீராவி விடாதே என்று அர்த்தம். போனவன் திரும்பி வந்து தானே அவிழ்க்க வேண்டும். அடுத்தவன் துண்டில் யாரும் கை வைக்க மாட்டார்கள், வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர்கூட வைக்க மாட்டார். ஒரு முறை ஒருவன் வேலை முடிந்திருக்கும் என்று நினைத்து இன்னொருவன் துண்டை அவிழ்த்து, அதனால் ஒரு சாவு நடந்ததாம். சக்கரங்கள் போன பிறகு கட்ட இடம் இல்லை. அதனால் திரையின் மேல் போட்டார்கள். முதல் உருளை என்றால் இடப்பக்கம், இரண்டாவது என்றால் நடுவில், மூன்றாவது என்றால் வலப்பக்கம்.

வலப்பக்கம் என்று அவர் சொன்னதும் திரையை மனதுக்குள் வரைந்து பார்த்தேன். எச்சரிக்கை வருகிற மூலையும், மூன்றாவது உருளையின் அழுத்தம் காட்டும் எண்ணும் துண்டுக்கு அடியில் இருந்திருக்கின்றன.

"சத்தம் கேட்டிருக்கும்ல? தனபாலன் ஏன் தூக்கிப் பாக்கல?" என்று நான் விதியை மறந்து கேட்டுவிட்டேன்.

"எப்புடி மிஸ் தூக்குவான்? என் துண்டுலா அது. நான் உள்ள இருக்கேன். மத்த ரெண்டும் சரியா இருக்குன்னா மூணாவதுலதான் கோளாறுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். அதான் என்னையக் கூப்பிட வெளிய ஓடியாந்திருக்கான். மில்லு போடுற சத்தத்துல எனக்குக் கேக்கல. திரும்பிப் பாத்தேன், படியில நின்னு கையக் கையக் காட்டுனான். அதுக்குள்ள சீறிடுச்சு."

"இத ஏன் நீங்க ரெண்டு பேரும் சொல்லல?" மேடமும் ஏன் என்று கேட்டதை அன்றுதான் கேட்டேன்.

"தெரைமேல ஒண்ணும் போடக்கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கு. துண்டு என்னோடது. நானே மறைச்சு நானே வெந்தேன்னு சொல்லி நஷ்டஈடு குடுக்காம விட்டுருவாங்கன்னு அவன் வாயப் பொத்திக்கிட்டான். நேத்து வந்தான். சொல்லிறவாடான்னேன், கைய எடுத்துக் கும்புட்டான். இந்தக் கையோட இனிமே நீ எங்கடா வேலைக்குப் போவேன்னு கேட்டான்."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. சொன்னால் சவரிமுத்துவின் நஷ்டஈடு போகும், சொல்லாவிட்டால் தனபாலனின் வீடு போகும். நாங்கள் எழுதப் போகும் எந்தப் பதிலும் இருவரில் ஒருவரைத் தள்ளிவிடும். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சவரிமுத்துவிடம், "உங்க துண்டப் பத்தி நான் பேசலாமா? நீங்க வேணாம்னா பேச மாட்டேன்" என்றார்.

"அவன் வீட்டுல பொங்கணும்மா. பேசுங்க."

விசாரணையைக் கூட்ட அறையில் வைக்காமல் திரை இருக்கும் அறையிலேயே வைக்க வேண்டும் என்று மேடம் கேட்டுக்கொண்டார். சிவநாதனும் அவருடைய அலுவலக எழுத்தரான கிராணியும் வந்தார்கள். தலைமையகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். தனபாலன் சுவரோரம் நின்றார், சலவைச் சட்டை போட்டிருந்தார். உருளைகள் ஓடிக்கொண்டிருந்தன, வேறொருவர் நாற்காலியில் இருந்தார்.

மேடம் திரையைப் பற்றி எதுவும் பேசவில்லை. "சார், நீங்க ஒரு தடவ மூணாவது கதவு வரைக்கும் போயிட்டு வாங்களேன். எல்லாரும் இங்கயிருந்து பாக்குறோம். ஆனா கதவத் தொட்டுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நிக்கணும்" என்றார்.

"இப்பவா?"

"அதுல இப்பதான் வேவ வச்சு முடிச்சிருக்காங்க. சவரி போற நேரம் இதுதான்."

சிவநாதன் தலைக்கவசத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார். அறை வாசல் வரை போனார், அங்கிருந்தே திரும்பி வந்தார். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். அவர் புதியவர். சிவநாதன் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கிராணியிடம் சொன்னார்: "நீ இங்கயே நில்லு. நான் வர்ற வரைக்கும் மூணாவது நம்பர யாரும் தொடாமப் பாத்துக்க."

கிராணி போய்த் திரையின் வலது பக்கம், திரையைப் பாதி மறைத்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கு நிக்க ஒரு ஆள் இருக்காரு சார்" என்றார் மேடம். "சவரிக்கு இருந்தது துண்டுதான்."

சிவநாதன் கிராணி நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேடம், துண்டைப் பற்றி எல்லாவற்றையும், யார் செய்தது சரி, யார் செய்தது தவறு என்று ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல், செயல் செயலாகச் சொன்னார். போட்டார். போனார். சத்தம் கேட்டது. துண்டைத் தொடவில்லை. வெளியே ஓடினார். கூப்பிட்டார். சீட்டில் எழுதச் சொல்வதுபோலவே இருந்தது.

தலைமையகத்தார், "கதவிலிருந்து அறைக்குச் சொல்ல விதிமுறையில் என்ன வழி இருக்கிறது?" என்று கேட்டார். தொலைபேசி இருக்கிறது என்றார் சிவநாதன். பிறகு அவரே, "அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது" என்றார். அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னார் என்பதற்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

கதவில் நிற்பவரைக் காக்க ஆலையில் வழி எதுவும் ஏற்படுத்தவில்லை, ஆட்களே ஏற்படுத்திக்கொண்டார்கள் என்று அறிக்கை போனது. சவரிமுத்துவுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. தனபாலன் மறுவாரமே நாற்காலிக்குத் திரும்பினார். எங்களிடம் நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. தன் வீட்டு மரத்து ரம்புத்தான் பழத்தை ஒரு பை நிறைய எங்கள் காரில் வைத்திருந்தார், சிரம்பான் வந்த பிறகுதான் பார்த்தோம்.

அதன் பிறகு திரை வரைய உட்கார்ந்தோம். துண்டுக்குப் பதில் திரையிலேயே ஒரு அடையாளம் போட்டுவிடலாம், கதவுக்குப் போகிறவர் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும் என்று அழகாக வரைந்து காட்டினேன். தே ஓ கோசோங் வந்தது. "பொத்தான இன்னொருத்தன் அமுக்கி எடுத்துருவான்மா. ஆள் போறப்ப அடையாளமும் கூடவே போவணும், கூடவே வரணும்" என்றார் மேடம்.

கடைசியில் நாங்கள் செய்தது, சுவரில் ஒரு இரும்புச் சட்டம், அதில் உருளைக்கு ஒன்றாகச் சாவிகள். கதவுக்குப் போகிறவர் அந்த உருளையின் சாவியைப் பிடுங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். சாவி சட்டத்தில் இல்லை என்றால் திரையில் என்ன அமுக்கினாலும் அந்த உருளைக்கு நீராவி போகாது. எச்சரிக்கைகளைத் திரையின் அடிப்பகுதிக்குக் கொண்டுவந்தோம். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு தனிச் சத்தம் கொடுத்தோம். மேல் பகுதியில் ஒரு துண்டு தொங்கும் அளவுக்கு எதுவும் போடாமல் விட்டோம். இவ்வளவு செலவு செய்து கணினி வைத்திருக்கும் இடத்தில் இரும்புச் சட்டமா என்று தலைமையகத்தில் முணுமுணுத்தார்கள். மேடம் ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டார். அன்று மாலை தட்டை நிமிர்த்தி, என் சீட்டை எடுத்துக் கொடுத்தார். தே தாரிக்கும் வந்தது.

மேடம் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. சவரிமுத்து கை குணமாகி வேலைக்கு வந்தார், ஓய்வு பெறும்வரை சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார், துண்டையும் திரையின் மேல் போட்டுக்கொண்டுதான் இருந்தார். சாவி போதுமே என்று யாரோ கேட்டதற்கு, "சாவி மிஷினுக்கு. துண்டு தனபாலனுக்கு" என்றாராம்.

ஓய்வு பெறுவதற்கு முன் நான் கடைசியாகப் போன இடங்களில் அந்த ஆலையும் ஒன்று. திரையைப் புதுப்பிக்கப் போகிறார்கள், இயந்திரம் வரைந்து கொடுத்த மாதிரிகளைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். எல்லாம் நன்றாகவே இருந்தன. எல்லாவற்றிலும் மேல் பகுதியில் நாங்கள் காலியாக விட்ட இடத்தை இயந்திரம் நிரப்பியிருந்தது. ஒன்றில் வானிலைகூட இருந்தது.

அறையில் தனபாலன் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கதவுகளுக்கு இப்போது வங்காளதேசத்து இளைஞர் ஒருவர் போகிறார். தமிழ் தெரியாது, சவரிமுத்துவை அவர் பார்த்ததும் இல்லை. சட்டத்தில் ஒரு சாவி இல்லை. திரையின் வலப்பக்கம் கட்டம் போட்ட சிவப்புத் துண்டு ஒன்று தொங்கியது.

புது மாதிரியில் அந்த இடத்தில் என்ன வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க, பேசிக்கொண்டே துண்டின் ஓரத்தை ஒதுக்கக் கையை நீட்டினேன். அந்த இடத்தைக் காலியாக விட்டவர்களில் நானும் ஒருத்தி. தனபாலன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தொடாதீங்க மிஸ். ஆள் உள்ள இருக்கான்."

கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்த இளைஞர் திரும்பி வரும்வரை நின்றேன்.